"எந்தப் புக் படிக்கலாம்?" – சோழர்களை வெச்சு ஒரு வாசிப்புப் பட்டியல்

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

இன்னைக்கு எபிசோட் கொஞ்சம் நீளம். ஓ.எம்.ஆர். டிராபிக்ல மாட்டியிருக்கீங்கன்னா சரியா இருக்கும்.

'பொன்னியின் செல்வன்' முதல் பாகம் 2022 செப்டம்பர்ல வந்துச்சு. ரெண்டாவது பாகம் 2023 ஏப்ரல்ல. அப்போலேர்ந்து எனக்கு அதிகமா வர்ற மெசேஜ் ஒண்ணுதான்: "ப்ரோ, சோழர்களைப் பத்தி ஒரு நல்ல புக் சொல்லுங்க." ஒரு பேரு சொல்லிட்டுப் போயிடலாம், ரெண்டு நிமிஷ வேலை. ஆனா ஒரு புக் படிச்சா அந்த ஒருத்தர் என்ன நினைச்சார்னுதான் தெரியும். அதை வெச்சுக்கிட்டு வாட்ஸ்அப் குரூப்ல சண்டை போடலாம். "உலகத்துக்கே ஜனநாயகம் சொல்லிக்கொடுத்தவங்க நாங்க"ன்னு சித்தப்பா ஒரு ஃபார்வர்ட் போடுவாரு, "எல்லாம் கொள்ளை அடிச்ச காசு"ன்னு இன்னொருத்தர் பதில் போடுவாரு. ரெண்டு பேருக்கும் ஆளுக்கொரு புக் இருக்கும். யார் சொல்றது எந்த அளவுக்கு உண்மைன்னு நாமளே எடை போடணும்னா, அதுக்கு ஒரு பட்டியல் வேணும். அந்தப் பட்டியலுக்கு ஒரு வரிசை வேணும். இன்னைக்குப் பேச்சு அதைப் பத்திதான்.

நான் படிச்சது இன்ஜினியரிங். வரலாறுங்கிற பாடத்துக்கு நான் கடைசியா பரீட்சை எழுதினது பத்தாம் வகுப்புல. இதைக் கேக்குற உங்கள்ல பாதிப் பேருக்கும் அப்படித்தான் இருக்கும். அதனால சிலபஸ் நம்ம கையில இல்ல, வாத்தியார் இல்ல, "இதைப் படிக்காம அதைப் படிக்காதே"ன்னு சொல்ல ஆள் இல்ல. நாமதான் கட்டணும்.

எங்கிருந்து தொடங்குறது? புக்லேர்ந்து இல்ல, கேள்வியிலேர்ந்து. "சோழர்களைப் பத்தித் தெரிஞ்சுக்கணும்"ங்கிறது கேள்வியே இல்ல. விஜயாலயன் 850 வாக்குல தஞ்சாவூரைப் பிடிச்சதுலேர்ந்து 1279 வரைக்கும் நானூறு வருஷத்துக்கு மேல. அதுல எதைத் தெரிஞ்சுக்கணும்?

எனக்கு அந்தக் கேள்வி ஆபீஸ் கீழே இருக்கிற டீக்கடையில கிடைச்சுது. ரெண்டாவது பாகம் வந்த வாரம், டீம்ல எல்லாரும் ஆதித்த கரிகாலனைக் கொன்னது யாருன்னு பேசிக்கிட்டு இருந்தோம். கூட வேலை பாக்குற ஒரு நண்பன், சொந்த ஊர் டெல்டா பக்கம், ரொம்ப நேரம் கேட்டுக்கிட்டே இருந்தான். அப்புறம் டம்ளரைக் கீழ வெச்சுட்டுக் கேட்டான்: "படம் நல்லாத்தான்டா இருக்கு. ஆனா அவ்ளோ பெரிய ராஜ்ஜியத்துல எங்க ஆளுங்க எங்கடா இருந்தாங்க? எங்க தாத்தா வரைக்கும் அதே ஊர்ல அடுத்தவன் நிலத்துலதான் நாத்து நட்டாங்க. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி அந்த நிலம் யாருது?"

யாருகிட்டயும் பதில் இல்ல. கொலை செஞ்சது யாருன்னு எல்லாருக்கும் ஒரு தியரி இருந்துச்சு, நிலம் யாருதுன்னு ஒருத்தருக்கும் தெரியல. இந்தப் பட்டியல் மொத்தமும் அந்தக் கேள்வியைச் சுத்திக் கட்டினது. நிலம் யார்கிட்ட இருந்துச்சு, யார் உழுதாங்க, யார் வரி வாங்கினாங்க, இதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும். ஒரு கேள்வி கிடைச்சுட்டா பட்டியல் தானா சுருங்கும். நூறு புக்ல தொண்ணூறு வெளிய போயிடும். கப்பல் படை, சிற்பக்கலை, வெண்கலச் சிலை எல்லாமே அருமையான விஷயம்தான். ஆனா இந்தப் பட்டியலுக்குள்ள வராது. அதுக்கு வேற பட்டியல்.

முதல்ல ஒரு வரைபடம் வேணும். நொபோரு கராஷிமா பதிப்பிச்ச 'எ கான்சைஸ் ஹிஸ்டரி ஆஃப் சவுத் இந்தியா'ன்னு ஒரு புக் 2014-ல ஆக்ஸ்ஃபோர்டு வெளியிட்டுச்சு. அதுல சோழர் காலத்தைப் பத்தின பகுதியை மட்டும் படிங்க. முழுசா வேணாம். படிக்கும்போதே ஒரு ஏ-ஃபோர் தாள்ல கோடு போட்டு வருஷங்களைக் குறிச்சுக்கோங்க. 985-ல இராஜராஜன் பட்டத்துக்கு வர்றாரு. 1010-ல பெரிய கோயில் முடியுது. 1014-லேர்ந்து இராஜேந்திரன். 1025-ல கடாரம். 1070-ல முதலாம் குலோத்துங்கன். இவ்ளோ போதும். அந்தத் தாள் எனக்கு ஒரு வருஷம் கூடவே இருந்துச்சு. ஒவ்வொரு புக்லயும் "இது எப்போ நடந்துச்சு"ன்னு குழம்பும்போது அதைத்தான் எடுத்துப் பார்ப்பேன்.

அடுத்தது பலர் தாண்டிப் போற படி: பழைய பெரிய புக். கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி எழுதின 'தி சோழாஸ்'. சென்னைப் பல்கலைக்கழகம் 1935-லயும் 1937-லயும் ரெண்டு பாகமா போட்டுச்சு, 1955-ல திருத்தின பதிப்பு வந்துச்சு. தமிழ்லயும் 'சோழர்கள்'னு மொழிபெயர்ப்பு இருக்கு. "இவ்ளோ பழசையா? புதுசா வந்ததைப் படிச்சாப் போதாதா?"ன்னு கேப்பீங்க.

நம்ம தொழில்லயே பாருங்க. புது கம்பெனியில சேர்றோம், பத்து வருஷப் பழைய கோட் பேஸ் ஒண்ணு இருக்கு. எல்லாரும் அதைத் திட்டுவாங்க. ஆனா அதுக்கு மேல எழுதின ஒவ்வொரு லைனும் ஒண்ணு அதை நம்பி இருக்கும், இல்ல அதைச் சுத்திப் போக எழுதியிருக்கும். அதைப் படிக்காம மேல இருக்கிறது புரியாது. சோழர் ஆய்வுல சாஸ்திரி அந்த மாதிரி. அவருக்குப் பின்னாடி வந்த ஒவ்வொருத்தரும் அவரோட சண்டை போடுறாங்க, இல்ல அவர் தோள்ல ஏறி நிக்கிறாங்க. அவரை முதல்ல படிக்கலன்னா, பின்னாடி வர்றவங்க யாரைப் பார்த்துக் கோவப்படுறாங்கன்னே தெரியாது.

சாஸ்திரியைப் படிச்ச கையோட அதே விஷயத்தைப் பத்தி மாற்றுக் கருத்து சொல்ற ஒருத்தரைப் படிக்கணும். இது என் பட்டியலோட ரொம்ப முக்கியமான விதி. தி.வை. சதாசிவ பண்டாரத்தார். கும்பகோணத்துல பள்ளித் தமிழாசிரியரா இருந்து, பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகம் போனவர். 'பிற்காலச் சோழர் சரித்திரம்'னு மூணு பகுதி எழுதினாரு, 1949-ல முதல் பகுதி வந்துச்சு. நல்ல தமிழ், தெளிவான தமிழ். தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட மின்னூலகத்துல தேடிப் பாருங்க.

இங்க நம்ம டீக்கடை கொலை வழக்கு வருது. நிலத்தைப் பத்தின பட்டியல்ல கொலை எதுக்குன்னா, ஒரே ஆதாரத்தை வெச்சு ரெண்டு பெரிய ஆளுங்க ரெண்டு முடிவுக்கு எப்படி வர்றாங்கன்னு பார்க்க இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. காட்டுமன்னார்கோயில் பக்கத்துல உடையார்குடியில ஒரு கல்வெட்டு இருக்கு. கரிகாலனைக் கொன்ன துரோகிகள்னு சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன்னு பேர்கள் வருது. அவங்க, அவங்க சொந்தக்காரங்களோட நிலத்தைப் பத்தி அந்தக் கல்வெட்டு பேசுது. அது இராஜராஜனோட ரெண்டாவது ஆட்சியாண்டுன்னு எடுத்துக்கிறாங்க. கொலை நடந்து, நடுவுல உத்தம சோழன் பதினஞ்சு வருஷம்போல ஆண்டு முடிச்சு, அதுக்கப்புறம் வர்ற கல்வெட்டு.

சாஸ்திரி இதைப் பார்த்துட்டு, உத்தம சோழன் மேல சந்தேகப்படுறாரு. பண்டாரத்தார் அதை ஏத்துக்க மாட்டேங்குறாரு. ரெண்டு பேர் கையிலயும் இருக்கிறது அதே கல்லு. ரெண்டையும் அடுத்தடுத்துப் படிக்கும்போது நமக்குள்ள மூணாவதா ஒரு கேள்வி வரும்: அந்தக் கல்வெட்டு தண்டனை கொடுத்த நாளைச் சொல்லுதா, இல்ல எப்பவோ பறிமுதலான நிலம் பின்னாடி கை மாறினதைச் சொல்லுதா? அதைப் பொறுத்து வழக்கே மாறிடும். படத்துல ரெண்டரை மணி நேரத்துல முடியுற விஷயம் இங்க ஒரு வினைச்சொல்லுல தொங்கிக்கிட்டு நிக்குது. எனக்கு அது படத்தைவிட திரில்லா இருந்துச்சு. சரி, அது என் ரசனை.

இன்னொண்ணும் கவனிங்க. அந்தக் கொலைக் கல்வெட்டே நிலத்தைப் பத்தின கல்வெட்டுதான். கொலையைப் பதிவு பண்ண யாரும் கல்லுல வெட்டல. நிலம் யார்கிட்டேர்ந்து யாருக்குப் போச்சுன்னு பதிவு பண்ணப் போய், கொலை உள்ள வந்துடுச்சு.

இந்த இடத்துல புக்கை மூடி வெச்சுட்டு வெளிய போங்க. சென்னையிலேர்ந்து உத்திரமேரூர் ஏறக்குறைய தொண்ணூறு கிலோமீட்டர், காலையில பைக்ல கிளம்பினா டிபனுக்குப் போயிடலாம். அங்க வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்ல முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கு. 919, 921. ஸ்கூல்ல நாம எல்லாரும் படிச்ச குடவோலை முறை இதுதான். சித்தப்பாவோட ஃபார்வர்டும் இதுதான். நான் அச்சுல வந்த பாடத்தை போன்ல வெச்சுக்கிட்டு சுவரோட ஒப்பிட்டுப் பார்த்தேன். முதல் பத்து நிமிஷம் ஒண்ணும் புரியாது. அப்புறம் ஒரு 'க' தெரியும், ஒரு 'ட' தெரியும். திடீர்னு ஒரு சொல் முழுசா கண்ணுல படும் பாருங்க, உடம்பு ஒரு மாதிரி ஆகும்.

ஆனா அந்தச் சுவர்ல என்ன எழுதியிருக்குன்னு பொறுமையா படிச்சா ஃபார்வர்ட் வேற மாதிரி தெரியும். 921-ஆம் வருஷக் கல்வெட்டுப்படி குடத்துல பேர் போடப்படணும்னா வரி கட்டுற நிலம் கால் வேலிக்கு மேல சொந்தமா இருக்கணும். சொந்த மனையில வீடு கட்டியிருக்கணும். வயசு 35-லேர்ந்து 70-க்குள்ள. வேதம் படிச்சிருக்கணும். ஏன்னா அது பிரமதேயம், பிராமணர்களுக்குக் கொடுத்த ஊர், அந்தச் சபை அவங்களோட சபை. கணக்குக் காட்டாதவங்க திரும்ப நிக்க முடியாது, அவங்க உறவுக்காரங்களும் நிக்க முடியாதுன்னு விதி போட்டிருக்காங்க. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னாடி இவ்ளோ கறாரா ஒரு நிர்வாகம்னு வியக்கலாம், வியக்கணும். அதே சமயம், யாருக்கு ஓட்டுன்னு கேட்டா, நிலம் வெச்சிருந்தவங்களுக்கு. என் நண்பனோட கேள்வி அந்தச் சுவர்லயே இருக்கு, எதிர்த் திசையிலேர்ந்து.

மூலத்தைச் சீக்கிரமே தொட்டுடணும்னு நான் சொல்றது இதுக்குத்தான். எட்டு புக் முடிச்சுட்டு கடைசியா கல்வெட்டுக்குப் போகலாம்னு வெச்சா, கண்ணுல ஏற்கெனவே எட்டு கண்ணாடி மாட்டியிருக்கும். ரெண்டு புக் முடிஞ்சதும் போங்க.

இப்போ பட்டியலோட நடுப்பகுதி. கஷ்டமான பகுதி. பர்ட்டன் ஸ்டைன்னு அமெரிக்க அறிஞர் 1980-ல 'பெஸன்ட் ஸ்டேட் அண்ட் சொசைட்டி இன் மெடீவல் சவுத் இந்தியா'ன்னு ஒரு புக் எழுதினாரு. சாஸ்திரி வரைஞ்ச படத்துல சோழ ராஜ்ஜியம் ஒரு பெரிய அரசாங்கம். மேல ராஜா, கீழ அதிகாரிகள், அடியில ஊர்ச் சபைகள். ஸ்டைன் அதை ஒத்துக்கல. ராஜாவோட நிஜமான பிடி காவிரிப் படுகை மாதிரி மையப் பகுதியிலதான், மத்த இடத்துல எல்லாம் அவர் பேருக்கு ராஜா, சடங்குக்கு ராஜா, உண்மையான அதிகாரம் 'நாடு'ங்கிற உள்ளூர் வேளாண் வட்டாரங்கள்ல இருந்த பெரிய விவசாயிகள்கிட்டன்னு சொல்றாரு. இந்த மாடலை அவர் எய்டன் சௌத்தால் கிழக்கு ஆப்பிரிக்காவோட அலூர் மக்களைப் பத்தி எழுதினதுலேர்ந்து எடுத்தாரு. தஞ்சாவூரைப் புரிஞ்சுக்க உகாண்டா பக்கத்துலேர்ந்து ஒரு மாடல். எனக்கு அந்தத் தைரியம் பிடிச்சிருந்துச்சு. முடிவு பிடிச்சுதான்னா, அது வேற.

ஸ்டைனை முழுசா படிக்கணுமா? வேணாம். நடை ரொம்பக் கனமானது. சோழ அரசைப் பத்தின அத்தியாயங்கள் போதும். ஒரு பட்டியல்ல எல்லாப் புக்கையும் அட்டை டு அட்டை படிக்கணும்னு சட்டம் இல்ல. எந்தப் புக்கை எந்தக் கேள்விக்காகப் பட்டியல்ல சேர்த்தோமோ அந்தப் பகுதியைப் படிச்சுட்டு நகரலாம்.

அவருக்குப் பதில் சொன்னவங்கதான் எனக்கு ஹீரோ. எ. சுப்பராயலு, அப்புறம் ஏற்கெனவே சொன்ன கராஷிமா. சுப்பராயலு 1973-லயே ஒரு வேலை செஞ்சு முடிச்சிருந்தாரு. கல்வெட்டுல வர்ற ஊர்ப் பேர்களை எடுத்து, அது இன்னைக்கு எங்க இருக்குன்னு கண்டுபிடிச்சு, சோழ நாட்டோட 'நாடு'களை வரைபடமா போட்டாரு. ஒவ்வொரு புள்ளியா. ஸ்டைனே அந்த வரைபடங்களைப் பயன்படுத்தினாரு. அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து கல்வெட்டுல வர்ற மனுஷப் பேர்கள், பட்டங்கள், அதிகாரிப் பதவிகள், வரிப் பேர்கள் இதெல்லாம் எந்தக் காலத்துல எத்தனை தடவை வருதுன்னு எண்ணினாங்க. சோழர் கல்வெட்டுப் பேர்களுக்கு மட்டும் ஒரு பெரிய அடைவு, தோரு மத்சுயியோட சேர்ந்து, 1978-ல போட்டாங்க.

இது நமக்குத் தெரிஞ்ச வேலைங்க. இது டேட்டா. ஒரு கல்வெட்டை எடுத்துக்கிட்டு "இதோ பார்த்தியா"ன்னு சொல்றது ஒரே ஒரு லாக் லைனைக் காட்டி சிஸ்டம் இப்படித்தான்னு சொல்ற மாதிரி. ஆயிரக்கணக்கான கல்வெட்டை அடுக்கிப் பார்த்தா இராஜராஜன் காலத்துல அதிகாரிங்க பதவிப் பேர்கள் அதிகமாகுறது தெரியுது. நிலவரித் துறைன்னு சொல்லக்கூடிய ஒரு அமைப்பு தெரியுது. இராஜராஜன் நிலத்தை அளந்ததும், பழைய 'நாடு'களை வெட்டிக் கோத்து 'வளநாடு'ன்னு புதுப் பிரிவு உண்டாக்கினதும் தெரியுது. பேருக்கு மட்டும் ராஜான்னா இதெல்லாம் எதுக்குன்னு அவங்க கேக்குறாங்க. சுப்பராயலுவோட 'சவுத் இந்தியா அண்டர் தி சோழாஸ்' 2012-ல வந்தது. அதைப் படிச்சா இந்த விவாதம் மொத்தமும் கைக்கு வந்துடும்.

ஆனா என் கேள்விக்கு ரொம்பக் கிட்ட வந்தது கராஷிமாவோட 1984 புக்தான், 'சவுத் இந்தியன் ஹிஸ்டரி அண்ட் சொசைட்டி'. அதுல ஒரு கட்டுரை. திருச்சி பக்கத்துல ரெண்டு ஊரை எடுத்துக்கிறாரு: அல்லூர், ஈசானமங்கலம். ரெண்டு ஊர்க் கல்வெட்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்க்குறாரு. ஈசானமங்கலம் பிரமதேயம். அங்க நிலம் தனித்தனி ஆளுங்க பேர்ல இருக்கு, தனி ஆள் விக்கிறாரு, தனி ஆள் வாங்குறாரு. நிலம் வெச்சிருந்தவங்க தாங்களே உழல, வேற ஆளுங்க உழுதாங்க. அல்லூர்ல அப்படி இல்ல. நிலத்தை விக்கணும்னா ஊரே சேர்ந்து விக்குது. நிலம் ஊராருக்குப் பொதுவா இருந்திருக்கு, அவங்களே உழுதிருக்காங்க. பிறகு வர்ற காலத்துல, 12-ஆம், 13-ஆம் நூற்றாண்டுல, பிரமதேயம் இல்லாத ஊர்லயும் நிலம் தனி ஆளுங்க கைக்குப் போகுதுங்கிறதையும் அவர் கல்வெட்டுகளை வெச்சுக் காட்டுறாரு. பெரிய நிலக்காரங்க உருவாகுறாங்க.

டோக்கியோவிலேர்ந்து வந்த ஒருத்தர் ரெண்டே ரெண்டு ஊரை எடுத்து, ராஜா பேரே பெருசா வராம, ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி நிலம் யாருதுன்னு பதில் சொல்றாரு. இந்தக் கட்டுரையைப் படிச்ச அன்னைக்கு நான் நண்பனுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். அவன் எல்லாத்தையும் கேட்டுட்டு, "சரிடா, ஊரார் எல்லாருக்கும் பொதுன்னா, அந்த ஊரார்ல நாங்க இருந்தோமா?"ன்னு கேட்டான்.

அதுக்குப் பதில் தேடித்தான் தஞ்சாவூர்க் கல்வெட்டுக்குப் போனேன். 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' வரிசையோட ரெண்டாவது தொகுதி பெரும்பாலும் பெரிய கோயில் கல்வெட்டுதான். ஹுல்ட்ஷ் தொடங்கி வெச்ச வரிசை, முதல் தொகுதி 1890-ல வந்துச்சு. இணையத்துல ஸ்கேன் இருக்கு, ஆங்கில மொழிபெயர்ப்போட. கோயிலுக்கு எந்தெந்த ஊர் எவ்ளோ நெல் கொடுக்கணும்னு இராஜராஜன் காலத்துப் பட்டியல் ஒண்ணு அதுல இருக்கு. ஒவ்வொரு ஊருக்கும் மொத்த நிலம் இவ்ளோ, அதுல வரி இல்லாத இடம் இவ்ளோ, மிச்சத்துக்கு வரி. அந்த வரி இல்லாத இடம்னு கழிக்கிற பட்டியல்ல என்னென்ன வருதுன்னா: ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு, கம்மாணச்சேரி, பறைச்சேரி. சில ஊர்ல தீண்டாச்சேரி. சில ஊர்ல பறைச்சுடுகாடுன்னு தனியா. உழப்பறையர் இருக்கிற சேரின்னும் வருது.

நிதானமா யோசிச்சுப் பாருங்க. அந்த மக்கள் அங்க இருந்தாங்க. உழவு வேலை செஞ்சாங்கன்னு பேர்லயே இருக்கு. வீடு தனி இடத்துல, சில ஊர்ல சுடுகாடும் தனி. கல்வெட்டுல அவங்க வர்றது நிலம் வெச்சிருக்கவங்களா இல்ல, தானம் கொடுத்தவங்களா இல்ல. வரிக் கணக்குல கழிக்க வேண்டிய ஒரு பரப்பளவா வர்றாங்க. கோயில் சுவர்ல பேர் வரணும்னா கொடுக்கிறதுக்கு ஏதாவது கையில இருந்திருக்கணும். ஆடோ, பொன்னோ, நிலமோ. கொடுக்க ஒண்ணும் இல்லாதவங்களுக்குக் கல்வெட்டு கிடையாது. நம்மகிட்ட இருக்கிற டேட்டாவே நிலம் வெச்சிருந்தவங்க டேட்டா. இதைப் புரிஞ்சுக்காம எத்தனை புக் படிச்சாலும் பாதிப் பேரைப் பார்க்காமத்தான் படிப்போம்.

அந்தப் பக்கத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து நண்பனுக்கு அனுப்பினேன். ரொம்ப நேரம் ப்ளூ டிக் மட்டும்தான். அப்புறம் ஒரு வரி வந்துச்சு: "அப்போ இருந்திருக்கோம்." சந்தோஷமா, கோவமான்னு நான் கேக்கல.

இன்னொரு புக் பட்டியல்ல இருக்கு, அதை வேகமா சொல்லிடறேன். எதிர்ப் பக்கத்துலேர்ந்து பார்க்கிற புக் ஒண்ணாவது இருக்கணும். ஜார்ஜ் ஸ்பென்சர் 1983-ல எழுதின 'தி பாலிடிக்ஸ் ஆஃப் எக்ஸ்பான்ஷன்', இலங்கை மேலயும் ஸ்ரீவிஜயம் மேலயும் சோழர்கள் போன படையெடுப்பைப் பத்தி. அதோட சேர்த்து, இலங்கையோட பாலி வரலாறு 'சூளவம்சம்' இதே நிகழ்ச்சியை எப்படிச் சொல்லுதுன்னு பாருங்க. அங்க சோழப் படை விகாரைகளைக் கொள்ளை அடிச்ச படை. 1017 வாக்குல பிடிபட்ட ஐந்தாம் மகிந்தன் சோழ நாட்டுலயே சிறையில செத்துப்போன ராஜா. நம்ம மெய்க்கீர்த்தியில வெற்றி, அவங்க புக்ல துயரம். இது நில விஷயத்தோடவும் சேருது. தஞ்சாவூர்க் கோயிலுக்கு நெல் கொடுக்கச் சொன்ன ஊர்கள்ல ஈழத்து ஊர்களும் இருக்கு.

சரி, நடைமுறைக் கேள்விகள். இந்தப் புக் எல்லாம் விலை அதிகமாச்சேன்னு கேப்பீங்க. ஆமா. சிலது புதுசா கிடைக்கவும் கிடைக்காது. எழும்பூர்ல கன்னிமாரா நூலகம் இருக்கு, அது தேசிய அளவுல நூல்கள் வந்து சேர்ற நாலு நூலகங்கள்ல ஒண்ணு. கோட்டூர்புரத்துல அண்ணா நூற்றாண்டு நூலகம். தரமணியில ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். மதுரைக்காரங்களுக்கு 2023-லேர்ந்து கலைஞர் நூற்றாண்டு நூலகம். சனிக்கிழமை காலையில ஏசி ஹால்ல நல்ல நாற்காலியில ஓசியில உக்காந்து படிக்கலாம். எந்த கோ-வொர்க்கிங் இடமும் இதுக்குக் கிட்ட வராது.

நோட்ஸ் எடுக்கிறதுக்கு ஆப் எதுவும் சிபாரிசு பண்ண மாட்டேன். ஒரு புக்குக்கு ஒரு பக்கம். மூணு விஷயம் மட்டும் எழுதுங்க: இவர் என்ன சொல்றாரு, எந்த ஆதாரத்தை வெச்சுச் சொல்றாரு, யாரோட சண்டை போடுறாரு. மூணாவது ரொம்ப முக்கியம். அதுலேர்ந்துதான் உங்க அடுத்த புக் வரும். ஸ்டைனை நான் யார் சொல்லியும் எடுக்கல. சுப்பராயலுவோட அடிக்குறிப்புல திரும்பத் திரும்ப அந்தப் பேர் வந்துச்சு, அதனால எடுத்தேன்.

நாவலை விடணுமான்னு சிலர் கேட்டிருந்தீங்க. எதுக்கு விடணும்? கல்கி 1950-லேர்ந்து 54 வரைக்கும் வாரா வாரம் எழுதினதாலதான் நம்மள்ல பாதிப் பேருக்கு வந்தியத்தேவன்னு ஒரு பேர் தெரியும். நாவலை நாவலா படிங்க. பட்டியல்ல அதுக்கு நம்பர் போடாதீங்க, அவ்ளோதான். யூடியூப் வீடியோவுக்கும் அதே கதை. ஆனா ஒரு வீடியோ எந்தக் கல்வெட்டு, எந்த ஊர், எந்த ஆட்சியாண்டுன்னு சொல்லலன்னா நான் பாதியிலயே மூடிடுவேன்.

எப்போ நிறுத்தறது? புதுசா ஒரு கட்டுரையைத் திறக்கிறீங்க, அடிக்குறிப்புல வர்ற பேர் எல்லாம் ஏற்கெனவே தெரிஞ்ச பேரா இருக்கு, இவர் யார் பக்கம் நிப்பாருன்னு ரெண்டாவது பக்கத்துலயே தெரிஞ்சுடுதுன்னா, அந்தக் கேள்விக்கு உங்க பட்டியல் முடிஞ்சுது. எனக்குப் பதினாலு மாசம் ஆச்சு. மெட்ரோவுல போக வர நாற்பது நிமிஷம், சனிக்கிழமை நூலகம். நடுவுல ஒரு ரிலீஸ் சமயத்துல ரெண்டு மாசம் ஒரு பக்கம்கூடப் படிக்கல. அதனால ஒண்ணும் கெட்டுப் போகல, அந்த ஏ-ஃபோர் தாளை எடுத்து வெச்சுத் திரும்ப ஆரம்பிச்சேன்.

இப்போ அடுத்த கேள்விக்குப் போயிட்டேன். அதே தஞ்சாவூர்க் கல்வெட்டுல தளிச்சேரிப் பெண்டுகள்னு நானூறு பேரோட பட்டியல் இருக்கு. ஒவ்வொருத்தர் பேர், எந்த ஊர்க் கோயில்லேர்ந்து வந்தவங்க, எந்தத் தெருவுல எத்தனாவது வீடு, வருஷத்துக்கு நூறு கலம் நெல். ராஜா பேரை விட்டா, ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி வாழ்ந்த இவ்ளோ பெண்களோட பேரும் முகவரியும் ஒரே இடத்துல இருக்கிறது எனக்குத் தெரிஞ்சு வேற எங்கயும் இல்ல. அவங்க யாரு, விரும்பி வந்தாங்களா, அவங்களுக்குச் சொத்து இருந்துச்சா? லெஸ்லி ஆர் 2000-ல எழுதின 'டோனர்ஸ், டிவோட்டீஸ் அண்ட் டாட்டர்ஸ் ஆஃப் காட்' இப்போ மேசை மேல இருக்கு, மூணாவது அத்தியாயத்துல இருக்கேன். உங்க பட்டியல் எந்தக் கேள்வியைப் பத்தின்னு எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல ரெண்டு மூணு எடுத்துக்கலாம். பார்க்கலாம் மக்களே.